படத்தின் மூலையில் என் பெயர்

மாடியில் இருக்கும் என் மகனுக்கு,

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் இந்தத் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நமக்கு நடுவில் பதினான்கு படிகள். காலையில் அதை இறங்கிவர உனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். கீழே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏழாவது படியில் நீ நிற்பாய். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விடுவாய். பிறகு இறங்குவாய். பத்து நாளாக அப்படி இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போகும்போது நீ பேசுவது "சாப்ட்டேன்" என்கிற ஒரு சொல்தான், அதுவும் நான் கேட்டால். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தியே பிழைத்தவன் நான். வாய் இல்லாவிட்டால் கண்டக்டர் வேலை பார்க்க முடியாது. அப்பேர்ப்பட்ட வாய் அன்றைக்கு மாற்றுத்திறனாளி முகாமில், பேச வேண்டிய நேரத்தில், இரண்டே இரண்டு வார்த்தை பேசியது. அதுவும் பொய். வீட்டுக்கு வந்ததும் நீ "ஏன்ப்பா?" என்று கேட்டாய். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

உனக்கு அப்போது இருபத்தோரு வயது. டிப்ளமா முடித்துவிட்டு டூவீலர் ஷோரூமில் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலையில் பாயில் இருந்து எழ முடியாமல் அப்படியே கிடந்தாய். "இடுப்பு புடிச்சுக்கிருச்சுப்பா" என்றாய். செல்போனைப் பார்த்துக்கொண்டே கோணல்மாணலாகப் படுத்தால் பிடிக்காமல் என்ன செய்யும் என்று திட்டினேன். மதியம் நீ எழுந்து நடமாடுவதைப் பார்த்ததும் உன் அம்மாவிடம், "பாத்தியா, வேலைக்குப் போக வலிக்குது உம்மகனுக்கு" என்றேன். காலையில் கட்டையாகக் கிடக்கிறவன் மதியம் நடக்கிறான் என்றால் அது நடிப்புத்தான் என்று நினைத்தேன். அந்த நோயின் குணமே அதுதான், அசையாமல் கிடந்தால் இறுகும், நடமாடினால் கொஞ்சம் இளகும் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் நீ வலியோடு சேர்த்து என் பேச்சையும் தாங்கினாய். இதை நான் இதுவரை உன்னிடம் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் கே.கே. நகரில் இருக்கும் அந்தச் சின்ன கிளினிக்குக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ராசியான டாக்டர் என்று உன்னிடம் சொன்னேன். உண்மையான காரணம், நம் சொந்தபந்தம் யாரும் அந்தப் பக்கம் வைத்தியத்துக்கு வர மாட்டார்கள். டாக்டர் உன்னைக் குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார், படம் எடுத்து வரச் சொன்னார். அப்புறம் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது வாதத்துல ஒரு வகை. முதுகெலும்புல இருக்குற மூட்டெல்லாம் ஒண்ணொண்ணா இறுகும். மருந்தால மெதுவாக்கலாம். இல்லாம ஆக்க முடியாது. வாழ்க்கை பூரா கூடவே இருக்கும்" என்றார். நீ, "வேலைக்குப் போலாமா டாக்டர்?" என்று கேட்டாய். நான், "கல்யாணம் பண்ணலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலையசைப்பாக அசைத்தார்.

ஆனால் அதற்கு முன்பே, சீட்டுப் போடும்போதே நான் காரியத்தைக் கெடுத்திருந்தேன். கம்பவுண்டர் "பேரு?" என்று கேட்டதும் நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு என் பெயரைச் சொன்னேன், என் வயதையும் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். ஸ்கேன் சென்டரிலும் அப்படியே. அதனால் அந்தப் படங்களின் மூலையில் இருப்பது என் பெயர், என் வயது. உள்ளே இருப்பது உன் முதுகெலும்பு. டாக்டர் கவனித்துவிட்டுக் கேட்டபோது, "பொண்ணு பாக்கணும் டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். "பின்னாடி கஷ்டப்படுவீங்க" என்றார். வெளியே கூட்டம் இருந்தது, அதோடு விட்டுவிட்டார். நம் ஆட்கள் பெண் கொடுப்பதற்கு முன்னால் எப்படி விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். டீக்கடையில் விசாரிப்பார்கள், வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பார்கள், மெடிக்கல் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்து "பையன் ஏதும் மாத்திரை வாங்குறானா" என்று கேட்பார்கள். நானே என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கம்பவுண்டர் வரைக்கும் போனவன். எந்த வழியாக ஆள் வருவான் என்று தெரிந்ததால் எல்லா வழியையும் அடைத்தேன். ஒன்பது வருடச் சீட்டு, ஒன்பது வருட மருந்து, எல்லாம் என் பெயரில். உன் அம்மா மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். நாம் மூன்று பேரும் சேர்ந்து உனக்கு நோயே இல்லை என்று எழுதி முடித்தோம்.

பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளையை முழங்காலை மடக்கச் சொல்லி, உயரம் பார்க்கக் கம்பியில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே நிறுத்துகிற தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "நிமிந்து நில்லுடா" என்று அந்தப் பிள்ளைகளை அதட்டுவேன். வீட்டில் உன்னையும் அதே வார்த்தை சொல்லித்தான் அதட்டினேன். பெண் வீட்டார் வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே கூடத்தில் உன்னை நடக்கவிட்டுப் பார்ப்பேன். உட்காரும்போது கையை ஊன்றாதே, கழுத்தை மட்டும் திருப்பு, உடம்போடு சேர்த்துத் திரும்பாதே என்பேன். திருப்ப முடியாததால்தான் நீ உடம்போடு திரும்பினாய் என்பதை யோசிக்கவே இல்லை. நீ நன்றாகக் கற்றுக்கொண்டாய். அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டதால், இன்றைக்கு நீயே நினைத்தாலும் நாலு பேர் முன்னால் உன்னால் வலியோடு நடக்க முடிவதில்லை. ஆளைக் கண்டதும் உன் உடம்பு தானாக நிமிர்கிறது. உன்னை நான் அப்படிப் பழக்கிவிட்டேன்.

உன் கல்யாணம் திருமங்கலத்தில். பெண் வீட்டு ஊர், அவர்கள் சனம் அதிகம். தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுகிற சடங்கு வந்தது. ஒருவர் போனால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. முதல் நாலைந்து தடவை நீ சமாளித்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எழும்போது என் கையைத் தேடினாய். நான் மாலையைச் சரி செய்கிற மாதிரி உன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். உன் முகத்தில் வேர்வை ஊற்றியது. ஹோமப் புகை என்று சொல்லித் துண்டால் துடைத்தேன். போதும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளையின் அப்பன் சொன்னால் யார் தட்டப்போகிறார்கள். சொல்லவில்லை. இன்னும் நாலு பேர் பார்க்கட்டும், பையன் வில்லாக வளைகிறான் என்று சொல்லட்டும் என்று இருந்தது. இன்றும் அந்த வீடியோவைப் போட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். உன் அம்மா ஆனந்தக் கண்ணீர் என்று நினைக்கிறாள்.

மறுநாள் காலையில் புதுப்பெண் கவிதா அடுப்படிக்கு வந்து உன் அம்மாவிடம், "அத்த, வெந்நி போடட்டுமா? அவருக்கு முதுகுல ஊத்தணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எப்போதிருந்து, ஏன் சொல்லவில்லை, எங்களை ஏமாற்றினீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தலை நிமிரவில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடம் மட்டும் வந்து, "மாமா, எங்கப்பாகிட்ட நீங்களாச் சொல்லிருங்க. நான் சொன்னா எங்கம்மா வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிரும். நீங்க சொன்னா அப்பா கோவப்படும், அப்பறம் அடங்கிரும்" என்றாள். ஆடிக்குச் சொல்கிறேன் என்றேன். தீபாவளிக்கு என்றேன். பிறகு பொங்கலுக்கு அவர்கள் வந்தபோது என்றேன். நாலு வருடம் போய்விட்டது. ஒன்று தெரிந்துகொள் தம்பி, நம் வீட்டுப் பொய்யை நாம் நாலு பேர் சுமந்தோம் என்றால் அதில் பாரமான பக்கம் கவிதாவுடையது. தன் தகப்பனிடமே அவள் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வருடம் உன்னால் காலை எட்டரைக்கு ஷோரூமுக்குப் போய்ச் சேர முடியவில்லை. மேனேஜர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை ஏன் வீட்டில் இருக்கிறார் என்று சம்பந்தி கேட்டபோது, பைக்கில் இருந்து விழுந்து இடுப்பில் அடி என்று சொன்னதும் நான்தான். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். பொய் பழகிய வாய்க்கு யோசிக்கவே தேவைப்படுவதில்லை. இதற்கு நடுவில்தான் நீ மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடுகிறேன் என்றாய். அட்டை இருந்தால் அரசு வேலைக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது, நோய் முற்றினால் மாதாமாதம் உதவித்தொகைக்கு வழி இருக்கிறது, பரீட்சை எழுதுகிறேன், உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தால் இன்னும் இருபது வருடம் ஓட்டிவிடுவேன் என்றாய். நாற்பது சதவீதம் ஊனம் என்று டாக்டர்கள் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் என்றாய். நீ கணக்காக யோசித்திருந்தாய். அந்த வார்த்தையை உனக்கு நீயே சொல்லிக்கொள்ள எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மட்டும், "ஊனம்னு எழுதி வாங்கணுமா" என்று முனகினேன்.

சம்பந்தியின் குணம்தான் உனக்குத் தெரியுமே. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறவர், ஊரில் யாருக்கு எந்த ஆபீசில் வேலை என்றாலும் கடையை அடைத்துவிட்டு முன்னால் நிற்பவர். அட்டைக்கு டாக்டர்கள் சோதித்துப் பார்க்கும் முகாம் என்று கேள்விப்பட்டதும், "எங்க மாப்ளைக்கு நான் வராம யாரு வாரது" என்று காலை ஏழு மணிக்கே வந்து இறங்கிவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உன் அம்மா, வெளியே போகிறாய் என்றதும், பழக்கத்தில் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நீயும் பழக்கத்தில் விடிந்ததும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டாய். நான் பழைய படங்களையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். எப்படியாவது சம்பந்தியை டீக்குடிக்க அனுப்பிவிட்டு டாக்டரிடம் தனியாகக் காட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு. நம் டோக்கன் வந்தபோது மணி பன்னிரண்டு. நிற்பதும் நடப்பதுமாக உன் முதுகு இளகிவிட்டிருந்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி நிமிர்ந்து, நீ உள்ளே நடந்தாய். பின்னாலேயே சம்பந்தியும் வந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. பொறுமையாகப் பார்த்தார். டேப் வைத்து அளந்தார். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி, "ரெண்டு மாசமா டாக்டரம்மா. பைக்குல போறப்ப வழுக்கி விட்டுருச்சு. அம்புட்டு நல்லா இருந்த புள்ள" என்றார். டாக்டரம்மா புதிதாக எடுத்த படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது விழுந்த அடி மாதிரி தெரியலையே. பழைய படம் ஏதாவது இருக்கா? இதுக்கு முன்னாடி வைத்தியம் பாத்திருக்கீங்களா? அது இருந்தா எத்தனை வருஷமா முத்தியிருக்குன்னு பாத்து எழுத முடியும்" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உடம்போடு சேர்ந்துதான் திரும்பினாய். பை என் கக்கத்தில் இருந்தது. படத்தின் முனை விலா எலும்பில் குத்துவது தெரிந்தது. சம்பந்தியும் என்னைத்தான் பார்த்தார். அவர் பார்வையில் ஒரு சந்தேகமும் இல்லை, அதுதான் என் வாயைக் கட்டியது. "இல்லீங்க டாக்டர்" என்றேன். டாக்டரம்மா சீட்டில், சிகிச்சை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து வரவும் என்று எழுதினார். உனக்குச் சேர வேண்டியதை நான் கக்கத்தில் வைத்துக்கொண்டே இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் சம்பந்தி உன் தோளில் தட்டி, "விடுங்க மாப்ள, ஒரு வருசத்துல தானாச் சரியாயிரும். இந்த அட்டையெல்லாம் நமக்கு எதுக்கு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். கோரிப்பாளையத்தில் அவரைத் திருமங்கலம் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நாம் நம் பஸ்ஸில் ஏறினோம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதிய சீட் காலியாக இருந்தது. நீ அதில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரும் வரை நின்றே வந்தாய். பணியில் இருந்த காலத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களை, "நல்லாத்தான இருக்க, எந்திரி" என்று எத்தனை பேரை எழுப்பிவிட்டிருப்பேன். அதில் ஒருவனாவது உன்னைப் போன்றவனாக இருந்திருப்பான். பாஸைக் காட்டு என்று கேட்கிற அதிகாரம் எனக்கு இருந்தது. முகத்தைப் பார்த்தே முடிவு கட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், பயம்தான். அந்த அறையிலேயே உன் கல்யாணம் அறுந்துவிடும் என்று பயந்தேன். சம்பந்தி கவிதாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் முன்னால் நான் ஏமாற்றுக்காரனாக நிற்க வேண்டும். உன் பிழைப்பை ஒரு பக்கமும் என் மானத்தை ஒரு பக்கமும் வைத்தேன், என் மானத்தை எடுத்துக்கொண்டேன். இதற்கு மேல் இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மேல்முறையீடு எப்படிப் போடுவது என்று கேட்க, நீ விண்ணப்பம் பதிவு செய்த அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பையில் இருந்ததை எல்லாம் அந்தப் பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, பேப்பர் எல்லாம் உங்க பேர்ல பக்காவா இருக்கு. ஒம்பது வருச ட்ரீட்மென்ட். பேசாம நீங்களே போட்டுருங்க, உங்களுக்குக் கிடைச்சிரும்" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லுக்குண்டாக நிற்கிற எனக்கு நோய் இருப்பதற்கு ஒன்பது வருட அத்தாட்சி இருக்கிறது, மாடிப்படி இறங்க முடியாத உனக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பேனாவை எடுத்து என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிவிடலாமா என்றுகூடக் கை பரபரத்தது. அடித்துத் திருத்திய டிக்கெட் செல்லாது என்று ஆயிரம் தடவை சொன்னவன் நான். பையை எடுத்துக்கொண்டு நேரே கே.கே. நகருக்குப் போனேன்.

டாக்டருக்கு வயதாகிவிட்டது, ஆனால் முதல் நாள் தான் எச்சரித்ததை மறக்கவில்லை. "வருவீங்கன்னு தெரியும். இம்புட்டு லேட்டா வருவீங்கன்னு நெனைக்கல" என்றார். என் மேல் கோபம் இருந்தது, தன் மேலும் இருந்தது. "அன்னைக்கு நானும் விட்டுருக்கக் கூடாது. நோட்டுல உங்க பேருதான் இருக்கு. யாருக்கு, எதுக்கு மறைச்சீங்கன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வைத்தியம் பாத்தது யாருக்குன்னு நான் எழுதித் தாரேன். எலும்பு பொய் சொல்லாது, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வச்சாங்கன்னா அவங்களுக்கே தெரியும்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "வலி மாத்திரையப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போகாதீங்க. அவன் படுற பாட்ட அவங்க பாக்கட்டும்." அவர் கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை முகாமில் உன்னை மறுபடி பார்க்கிறார்கள்; அந்தத் தாளோடு இந்தக் கடிதத்தின் நகலையும் வைத்து அங்கே டாக்டரம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். இது இனிமேல் நம் வீட்டுக்குள் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. உனக்குச் சம்மதம் இல்லாத வரி இருந்தால் அடித்துவிட்டுக் கொடு.

மிச்சம் இருந்தது சம்பந்தி. கவிதாவிடம் போய், "சொல்லிரவாம்மா?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "நாலு வருசமா அதத்தான மாமா கேக்குறேன்" என்றாள். முந்தாநாள் திருமங்கலம் போனேன். கடையில் பருத்திக்கொட்டை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்ல ஆள் அனுப்பினார். டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக், சீட்டு, சத்து மாத்திரை டப்பா, பைக் ஆக்சிடென்ட், எல்லாம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நடுவில் ஒருவர் தவிடு கேட்டு வந்தார், நிறுத்துப் போட்டு அனுப்பினார். பிறகு, "எம்மகளுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். "கல்யாணத்துக்கு மறுநாளே" என்றேன். அதற்குத்தான் முகம் செத்துப்போனது. "நாலு வருசம் எங்கிட்ட மறைச்சாளா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு அந்த டாக்டரம்மா முன்னாடி என் வாயாலயே பொய் சொல்ல வச்சு, எம்மாப்ள சோத்துல மண்ணப் போட வச்சுட்டீகளே சம்மந்தி" என்றார். டீ வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. "போங்க. இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன், போங்க" என்றார். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பேசியும் முடிந்தது, ஆனால் பாரம் இறங்கியது மாதிரி இல்லை.

நேற்றில் இருந்து கவிதாவின் அம்மா போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவள் எடுப்பதில்லை. சம்பந்தி இன்று காலையில் எனக்குப் போட்டார். "முகாம் என்னைக்கு?" என்று கேட்டார். "வியாழக்கிழமை" என்றேன். வைத்துவிட்டார். தான் சொன்னதைத் திருத்திச் சொல்ல வருகிறாரா, மகளைக் கூட்டிக்கொண்டு போக வருகிறாரா, நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடிக்க வருகிறாரா, எனக்குத் தெரியாது. நாற்பது சதவீதம் எழுதுவார்களா என்பதும் தெரியாது. ஒரு தடவை பொய் சொன்னவன் கொண்டுவருகிற காகிதத்தை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? நான் அடைத்த வழிகளுக்குள் நீயும் கவிதாவும் நிற்கிறீர்கள். ஒன்றைத் திறந்தால் இன்னொன்று சாத்திக்கொள்கிறது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இந்தக் கடிதத்தில் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. கவிதா போவதாக இருந்தால் தடுக்காதே, இருப்பதாக இருந்தால் அது உன் வீட்டாருக்காக என்று நினைத்துவிடாதே. எங்கே யார் கேட்டாலும் உன் பெயரை நீயே சொல். நோயின் பெயரையும் நீயே சொல். வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டை வேண்டாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை டப்பா என்னிடம் இருக்கிறது. முதல் டோக்கனுக்குப் போய்விடுவோம். அந்த அறைக்குள் நுழையும்போது நிமிராதே தம்பி. காலை ஆறு மணிக்கு அந்தப் படியில் எப்படி இருப்பாயோ அப்படியே அவர்கள் முன்னால் நட. உன்னைக் கூடத்தில் நடக்கவிட்டு நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு மறந்துவிடு. பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இந்தத் தடவை நான் வெளியே எழுந்து போக மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது என் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு போவது உன் பழக்கம். பரீட்சைக்கு விழுந்தாய், இன்டர்வியூவுக்கு விழுந்தாய், பெண் பார்க்கப் போகும்போது விழுந்தாய். நோய் வந்த பிறகும் ஒரு தடவைகூட விடாமல் விழுந்தாய், நானும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லாமல் காலை நீட்டிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை விழ வேண்டாம். கீழே வரைக்கும் அவசரப்பட்டு இறங்கி வரவும் வேண்டாம். ஏழாவது படிக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நில். திருநீற்றை எடுத்துக்கொண்டு நான் ஏறி வருகிறேன்.

அப்பா